எல்லை தாண்டி அழகு அறுவை: சுங்கை சிப்புட் வாசகர்கள் கேட்கிறார்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'அழகுப் பயணம்' என்றொரு பேக்கேஜ் விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் முதலெழுத்து மட்டுமே.

கேள்வி: எனக்கு 38 வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். அடிவயிறு மடிந்து தொங்குகிறது. பெங்குங் (பிரசவத்துக்குப் பின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணி) கட்டியும் பார்த்துவிட்டேன், நடந்தும் பார்த்துவிட்டேன். தென் தாய்லாந்தில் ஒரு கிளினிக்கில் டம்மி டக் (தொங்கும் வயிற்றை இறுக்கும் அறுவை) செய்ய 13,500 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார் ஏஜெண்ட். இரண்டு இரவு தங்கல் அதில் அடக்கம், நான்காம் நாள் வேனில் வீட்டுக்கு வந்துவிடலாமாம். கோலாலம்பூரில் தனியார் மருத்துவமனையில் 24,000 கேட்டார்கள். பத்தாயிரத்துக்கு மேல் மிச்சமாகிறதே, போகலாமா? — எம்.எஸ்.

பதில்: மிச்சம் பத்தாயிரம் வராது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறோம். முதலில் எங்களை உறுத்துவது அந்த நான்காம் நாள் வேன்.

டம்மி டக்கில் வெறும் தோலை மட்டும் வெட்டித் தைப்பதில்லை. அடிவயிற்றில் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்குவார்கள். பிரசவத்தில் விலகிப்போன இரண்டு வயிற்றுத் தசைகளையும் நடுவில் இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை அறுத்தெடுத்து, தொப்புளுக்குப் புது வழி வைப்பார்கள். பிரித்த இடத்தில் நீர் ஊறும். அதை வடிக்கத்தான் பக்கவாட்டில் வடிகுழாய் வைப்பது. ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லிக்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால்தான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். சிலருக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். நான்காம் நாள் குழாயோடு எல்லை தாண்டி வந்தால் இங்கே அதை யார் பார்ப்பது? வண்டி புறப்படுகிறதே என்று அங்கேயே பிடுங்கி அனுப்பினால் உள்ளே நீர் கட்டும். பிறகு வாரக்கணக்கில் ஊசி போட்டு உறிஞ்ச வேண்டியதுதான்.

இன்னொன்று ரத்த உறைவு. அழகு அறுவைகளிலேயே காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதலாக உள்ளவற்றில் டம்மி டக்கும் ஒன்று. தையல் இழுப்பதால் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள், இருமவே பயமாக இருக்கும், படுக்கையை விட்டு எழ மனம் வராது. காலில் ரத்தம் தேங்கும். அந்த நிலையில் ஹாட்யாயிலிருந்து சுங்கை சிப்புட் வரை, எல்லையில் காத்திருப்பதையும் சேர்த்து, ஐந்தாறு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் என்ன ஆகும்? உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிரே போகலாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை விமானப் பயணத்துக்கு ஓர் அளவு சொல்கிறது: மார்பக அறுவை, கொழுப்பை உறிஞ்சும் லைபோசக்‌ஷனுக்குப் பின் 5 முதல் 7 நாள், முக அறுவை, டம்மி டக்குக்குப் பின் 7 முதல் 10 நாள். வேனுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வேனில் எழுந்து நடக்கக்கூட இடம் கிடையாது, விமானத்திலாவது நடக்கலாம்.

இனி பணம். பேக்கேஜின் இரண்டு இரவு போக, ஆறும்வரை அங்கேயே தங்க 10 இரவு ஓட்டல், இரவுக்கு 150 என்று வைத்தாலும் 1,500. உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்து 600. சாப்பாடு, சில்லறைச் செலவு ஒரு நாளுக்கு 80 வீதம் 800. துணைக்கு வருபவர் 12 நாள் சம்பளத்தை விடுகிறார். நாளுக்கு 70 என்றால் 840. இறுக்கக் கச்சை இரண்டு (ஒன்று துவைக்கும்போது ஒன்று வேண்டும்), கால் உறை, மருந்து, கட்டுத்துணி எல்லாம் 700. ஆறாம் வாரம் மறுபடியும் போய்க் காட்டிவர 900. மொத்தம் 5,340. ஆக உங்கள் 13,500 உண்மையில் 18,840. கோலாலம்பூருக்கும் போக வரச் செலவும் கச்சையும் உண்டு, நியாயமாக 1,500 சேர்த்தால் 25,500. வித்தியாசம் 6,660 வெள்ளி. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். தையல் ஓரம் பிரிவதும் தொப்புள் பக்கம் தோல் கறுத்துப் போவதும் இந்த அறுவையில் அபூர்வமல்ல, சர்க்கரையும் சிகரெட்டும் இருந்தால் இன்னும் கூடுதல். உள்ளூர் சர்ஜன் என்றால் திரும்பிப் போய்க் காட்டலாம், பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இல்லாமலே பார்ப்பார். எல்லைக்கு அப்பால் என்றால் மறுபடியும் வேன், ஓட்டல், விடுப்பு. அதற்கென்று 8,000 வெள்ளியைத் தொடாமல் ஒதுக்கி வைக்க முடியாவிட்டால் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஏஜெண்ட் 'கூடவே பக்கவாட்டுக் கொழுப்பையும் உறிஞ்சி, மார்பையும் தூக்கிவிடலாம், தள்ளுபடி' என்பார். ஒரே மேசையில் வேலை கூடக்கூட மயக்கத்தில் இருக்கும் நேரமும் ரத்த இழப்பும் உறைவு ஆபத்தும் கூடும். தள்ளுபடி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கும்போது பழைய தையல் பக்கம் உருண்டையாகப் புடைக்கிறதா என்று பாருங்கள். புடைத்தால் அது ஹெர்னியாவாக (குடலிறக்கம்) இருக்கலாம். அது நோய், அழகுப் பிரச்சினை அல்ல. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) காட்டினால் ஈப்போவுக்கு அனுப்புவார்கள். அரசாங்க மருத்துவமனையிலேயே சரிசெய்துகொள்ளலாம். அதைக் கேட்காமல் 13,500 கட்டிவிடாதீர்கள். நான்காவது பிள்ளை பற்றிய எண்ணம் சிறிதாவது இருந்தாலும் இப்போது செய்ய வேண்டாம். தைத்த தசை மறுபடி விலகிவிடும்.

கேள்வி: டாக்டர் நல்லவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏஜெண்ட் காட்டும் படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. — கே.வி.

பதில்: படங்களை ஒதுக்கிவையுங்கள். யாருடைய வயிறு, எந்த வெளிச்சம், எத்தனை மாதம் கழித்து எடுத்தது என்று அவை சொல்லாது.

டாக்டரின் முழுப் பெயரை எழுத்தில் கேளுங்கள். 'எங்கள் நிபுணர் குழு' என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெயர் கிடைத்தால் அந்த நாட்டு மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடுங்கள். தாய்லாந்து மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். சென்னைக்குப் போவதாக இருந்தால் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். தாண்டி எம்.சி.ஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான டி.என்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் மருத்துவ மன்றப் பதிவோடு தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பிரிவில் பெயர் இருக்க வேண்டும். 'காஸ்மெடிக் சர்ஜன்', 'ஏஸ்தெடிக் டாக்டர்' என்ற பட்டங்களை யாரும் சட்டையில் குத்திக்கொள்ளலாம். இங்கே சாதாரண டாக்டர் ஒருவர் போடாக்ஸ், ஃபில்லர், லேசர் செய்யவே சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்னும் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டி வயிற்றைக் கிழிக்க முடியாது. பியூட்டி சலூன்காரருக்கு ஊசி பிடிக்கவே உரிமை இல்லை.

கட்டடத்துக்கும் சான்று உண்டு. மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான ஜே.சி.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் பட்டியல் அந்த அமைப்பின் பக்கத்திலேயே இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தை நம்பாமல் அங்கே பாருங்கள். ஆனால் அது மருத்துவமனைக்குக் கொடுத்த சான்று. கத்தி பிடிக்கும் கைக்குக் கொடுத்தது அல்ல. தென் கொரியாவில் பெரிய டாக்டர் பேசிவிட்டுப் போக, மயங்கியபின் வேறொருவர் அறுத்த கதைகள் அம்பலமாகி, 2023 செப்டம்பரிலிருந்து மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைக்கு நோயாளி கேட்டால் கேமராவில் பதிய வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. ஆகவே 'நீங்களேதான் முழு அறுவையும் செய்வீர்களா, மயக்க மருந்து டாக்டர் தனியாக இருப்பாரா, ரத்தம் கூடுதலாகப் போனால் ஐ.சி.யு. அதே கட்டடத்திலா' என்று மூன்றையும் கேளுங்கள். தமிழும் மலாயும் தெரியாத டாக்டரிடம் ஏஜெண்ட் மொழிபெயர்ப்பில் பேசி ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் உண்டு. 'முடியாது' என்ற சொல்லை அவர் மொழிபெயர்க்க மாட்டார்.

முன்பணத்தை மருத்துவமனையின் கணக்கில் கார்டு வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். தனிநபர் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால் கட்டாதீர்கள். நம் மருத்துவ மன்றத்தின் கை வெளிநாட்டு டாக்டர்வரை நீளாது. வழக்கென்றால் அந்த நாட்டு நீதிமன்றம், அந்த நாட்டு வக்கீல்.

கேள்வி: இ.பி.எஃப். சேமநிதியின் அக்கவுன் ஃபிளெக்சிபலில் இருக்கும் பணத்தை இதற்கு எடுக்கலாமா? மருத்துவக் கார்டு எதையாவது கொடுக்குமா? எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்குமா? போதாவிட்டால் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரர்) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். — ஆர்.டி.

பதில்: எடுக்கலாம். 2024 மே முதல் இ.பி.எஃப். சந்தாவில் 10 விழுக்காடு அந்தக் கணக்கில் விழுகிறது, காரணம் கேட்காமல் தருவார்கள். ஆனால் கடும் நோய்க்கென்று உள்ள சுகாதார மீட்பில் அழகு அறுவை சேராது. மருத்துவக் கார்டும் பயணக் காப்புறுதியும் பொதுவாக அழகு அறுவையை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். பலர் கவனிக்காதது, அதனால் வரும் சிக்கலையும் சேர்த்தே விலக்கியிருக்கும் என்பது. பாலிசியில் 'விலக்குகள்' பக்கத்தை முழுக்கப் படியுங்கள்.

வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து, வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். ஆனால் எம்.சி. எழுத வேண்டியவர் இங்கே பதிவு பெற்ற டாக்டர். ஹாட்யாய் கிளினிக் எழுதும் தாளை மேனேஜர் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. வருட விடுப்பையே நம்புங்கள். அறுவைக்காக ஆலோங்கிடம் வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என நினைத்தோம், உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபின் சொல்கிறோம்.

கேள்வி: வயது 27. முன் நெற்றி ஏறிவிட்டது. துருக்கியில் 'எத்தனை கிராஃப்ட் ஆனாலும் ஒரே விலை' என்கிறார்கள். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன், மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவது. — பி.என்.

பதில்: வெளிநாடு போய்ச் செய்யக்கூடியவற்றில் முடி நடுதல் கொஞ்சம் சாதுவானது. முழு மயக்கம் கிடையாது, மரப்பு ஊசிதான். ஓரிரு நாளில் விமானம் ஏறலாம். ஆனாலும் 'எத்தனை ஆனாலும்' என்ற சொல்தான் அதில் பொறி. பின்னந்தலையில் உள்ள முடி வங்கிச் சேமிப்பு மாதிரி. பலருக்கு வாழ்நாள் முழுவதுக்கும் சேர்த்து 4,000 முதல் 6,000 கிராஃப்ட்தான் (வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து) தேறும். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நான்கு முடி. 27 வயதில் 4,500ஐ நெற்றியில் கொட்டிவிட்டால், 40 வயதில் உச்சி வழுக்கும்போது எடுக்க ஒன்றும் இருக்காது. முன்னால் ஒரு கொத்து, நடுவில் பாலைவனம். மிகையாகத் தோண்டினால் பின்னந்தலை பூச்சி அரித்த துணி மாதிரி ஆகும், அதைத் திருப்ப முடியாது. நம்மவர்களின் முடி தடிமனாக இருப்பதால் குறைந்த எண்ணிக்கையிலேயே அடர்த்தி தெரியும். அது உங்களுக்குச் சாதகம்.

கேட்க வேண்டிய கேள்வி, தோண்டுவதும் துளை போடுவதும் டாக்டரா, டெக்னிஷியனா என்பது. விலை குறையும் இடங்களில் டாக்டர் நெற்றியில் கோடு போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

திரும்பி வந்தபின் முதல் 10 நாள் நட்ட முடி இறுகாது. ஹெல்மெட் உரசினால் கிராஃப்ட் கையோடு வந்துவிடும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டவும் முடியாது. ஆகவே இரண்டு வாரம் யாராவது உங்களைக் காரில் ஏற்றிப் போக வேண்டும் என்பதையும் செலவில் சேருங்கள். மூன்றாம், நான்காம் வாரத்தில் நட்டது உதிரும், பதறாதீர்கள், வேர் உள்ளேயே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். அதற்கு முன், தோல் டாக்டரிடம் போய் மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைட் ஒரு வருடம் போட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அதுதான் முதல் படி. உதிர்வது நிற்காத தலையில் நடுவது, மண் சரியும் மேட்டில் கன்று வைப்பது மாதிரி.

கேள்வி: காது குத்திய இடத்தில் மகளுக்குச் சதை உருண்டையாக வளர்ந்தது. அவளே இப்போது கொரியாவுக்குப் போய் மார்பக அறுவை செய்ய ஆசைப்படுகிறாள். — டி.எல்.

பதில்: அந்த உருண்டை பெரும்பாலும் கீலாய்டாக இருக்கும். தழும்பு தன் எல்லையை மீறி வளரும் குணம், நம் நிறத்தவருக்குக் கூடுதல். நெஞ்சு, தோள், காது ஆகிய இடங்களில்தான் அது அதிகம் வரும், எனவே மார்பக அறுவைத் தழும்பும் அப்படி வளரலாம் என்று நேர்மையான சர்ஜன் எச்சரிப்பார். அங்கே போய்க் கேட்பதற்குப் பதில், முதலில் இங்கேயே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காதைக் காட்டட்டும்.

கேள்வி: என் மனைவி வெளிநாட்டில் லைபோசக்‌ஷன் செய்து ஏழு வாரம் ஆகிறது. முதலில் நன்றாக ஆறியது. இப்போது துளை போட்ட இடங்களில் சிவந்த கட்டிகள், லேசாகச் சீழ். கிளினிக்கில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிற்கவில்லை. — எஸ்.ஜி.

பதில்: இதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து வாரங்கள் கழித்து வரும், சாதாரண மருந்துக்கு மசியாத கட்டி என்றால் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவினரான மைக்கோபாக்டீரியா வகைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவை குழாய்த் தண்ணீரிலேயே வாழ்பவை. கருவியைச் சரியாகக் கிருமி நீக்காமல் தண்ணீரில் அலசினாலே உள்ளே போய்விடும். 2013-14ல் டொமினிக்கன் குடியரசுக்கு அழகு அறுவைக்குப் போய்வந்த அமெரிக்கர்கள் பலருக்கு இதே கிருமி வந்து மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தார்கள்.

சாதாரண சீழ்ப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது. ஆகவே டாக்டரிடம், 'இன்ன தேதியில் வெளிநாட்டில் அறுவை செய்தது, மைக்கோபாக்டீரியா கல்ச்சர் சேர்த்து அனுப்புங்கள்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நாள்தான் வீணாகும். முடிந்தால் கட்டியின் திசுவையே எடுத்து அனுப்புவது நல்லது. முடிவு வரச் சில வாரம் ஆகலாம். வந்தபின் இரண்டு மூன்று மருந்து சேர்த்து மாதக்கணக்கில், சில சமயம் கட்டிகளைத் திறந்து கழுவியும் எடுக்க வேண்டியிருக்கும். உள்ளூர் மருத்துவமனையிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தானாக மாற்றிச் சாப்பிட வேண்டாம்.

முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தார்களா என்றும் கேளுங்கள். 2023ல் மெக்சிகோவின் மதமோரோஸ் நகரில் அப்படி ஊசி போட்டு அழகு அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூளை உறையில் பூஞ்சை தாக்கிச் சிலர் இறந்தார்கள். வாரங்கள் கழித்தும் தீராத தலைவலி, கழுத்து விறைப்பு, காய்ச்சல் வந்தால் கிளினிக் வேண்டாம், நேரே எமர்ஜென்சி. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கினாலும் திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, கொடுத்த மருந்துகளின் பட்டியல் மூன்றையும் அந்தக் கிளினிக்கிடம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். போகப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: கையில் அவை இல்லாமல் ஊர் திரும்பாதீர்கள். உள்ளே சிலிகோன் வைத்தால் அதன் பெயரும் தொடர் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் அட்டையும் வேண்டும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலை சிலிகோனை மார்பகத்துக்குள் வைக்க விற்றது 2010ல் வெளிப்பட்டபோது, தன் உடம்புக்குள் இருப்பது எது என்று தெரியாமல் தவித்தவர்கள் அட்டை இல்லாதவர்கள்தாம்.

கேள்வி: வயது 56, சர்க்கரை உண்டு. கண் இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது. பேக்கேஜில் இமை அறுவைதான் மலிவு, 3,800 வெள்ளி. ஒரே நாளில் முடியுமாம். போய் வரவா? — வி.ஏ.

பதில்: நீங்கள் ஒரு வெள்ளிகூட அங்கே கொடுக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அழகுக்காக என்றால்தான் அது சொந்தச் செலவு. பார்வையை மறைத்தால் அது மருத்துவம். கிளினிக் கெசிஹாத்தானில் 'மேலே பார்க்கும்போது, வண்டி ஓட்டும்போது மறைக்கிறது' என்று சொல்லி அரசாங்கக் கண் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே பார்வைப் பரப்புச் சோதனை செய்து, தோல் தொங்குகிறதா, இமையைத் தூக்கும் தசை தளர்ந்ததா என்று பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் அறுவை வேறு. நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 வெள்ளி. காத்திருக்க வேண்டிவரும். திடீரென்று ஒரு இமை மட்டும் விழுந்திருந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், காத்திருக்காமல் அன்றே போங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் எச்.பி.ஏ.1சி.யை (மூன்று மாத சர்க்கரைச் சராசரி) இறக்குங்கள், 8க்கு மேல் இருந்தால் பல சர்ஜன்கள் தள்ளிப்போடுவார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுத்தால் பட்டினி கிடந்து செய்யும் அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், பூண்டு மாத்திரை, மீனெண்ணெய் எது எடுத்தாலும் சொல்லுங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால் சில மணி நேரத்தில் பார்வையே போகலாம். ஆனால் இதயத்துக்காக எழுதிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய டாக்டரைக் கேட்டபின்தான். கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள்.